மடியில் மன்னன், இடுப்பில் பிள்ளை: இடைக்கால மாதா சிற்பங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு மர மாதா அமர்ந்திருக்கிறாள். பிரான்சின் ஓவெர்ன் மலைநாட்டில் 1175க்கும் 1200க்கும் இடையில் வால்நட் மரத்தில் செதுக்கப்பட்டவள், உயரம் 79.5 செ.மீ. முதுகு வளையவில்லை, தலை சாயவில்லை. மடியின் நட்டநடுவில் குழந்தை இயேசு, தாயைப் போலவே நேராக நம்மைப் பார்க்கிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இன்னொருத்தி நிற்கிறாள். யானைத் தந்தத்தில் ஆனவள், 41 செ.மீ. உயரம். 1250-60 வாக்கில் பாரிஸில் உருவாகி, செயின்ட் ஷப்பெல் என்ற அரச ஆலயத்தின் கருவூலத்தில் இருந்தவள். இடக்கையில் பிள்ளையை ஏந்தி, உதட்டோரம் மெல்லப் புன்னகைக்கிறாள்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பலரும் சொல்வது, "முதலாவது விறைப்பாக இருக்கிறது, இரண்டாவது உயிரோடு இருக்கிறது" என்பதுதான். அதைத் தொடர்ந்து, "நூறு வருடத்தில் சிற்பிகள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்பார்கள். முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது தவறு. அது ஏன் தவறு என்பதை நீங்களே கண்ணால் கண்டுகொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தேவையானவை ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அளவுகோல், கொஞ்சம் பொறுமை. மேலே சொன்ன இரண்டு அருங்காட்சியகங்களும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்துகொண்டே இந்த வேலையைச் செய்யலாம்.

படி 1: ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்திலேயே பொன் சிலையையும் கற்சிலையையும், 10ஆம் நூற்றாண்டையும் 15ஆம் நூற்றாண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். எல்லாமே மாறியிருக்கும்போது எது எதனால் மாறியது என்று சொல்லவே முடியாது. நெருங்கிய உறவுள்ள இரண்டை முதலில் எடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் முதல் ஜோடி இரண்டுமே நியூயார்க்கில் இருப்பவை. ஒன்று, மேலே சொன்ன ஓவெர்ன் மாதா. மற்றொன்று, அதே அருங்காட்சியகத்தின் கிளையான குளோய்ஸ்டர்ஸில் இருக்கும் பர்கண்டிப் பகுதி மாதா. ஓதன் ஊரைச் சேர்ந்தது, 1130-40 காலத்தியது, பிர்ச் மரம், உயரம் ஏறத்தாழ 103 செ.மீ. இரண்டும் பிரான்ஸ், இரண்டும் 12ஆம் நூற்றாண்டு, இரண்டும் மரம், இரண்டிலும் தாய் அமர்ந்து பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள். இத்தனை ஒற்றுமைக்கு நடுவே தெரிகிற வேறுபாடு உண்மையான வேறுபாடு. இதில் கண் பழகிய பிறகு லூவரின் தந்தச் சிற்பத்துக்குத் தாவுங்கள்.

ஒவ்வொரு சிற்பத்துக்கும் தாளில் ஆறு விவரங்கள் வேண்டும்: எந்த ஊர், எந்தக் காலம், என்ன பொருள், என்ன உயரம், முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது. ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. 40 செ.மீ. சிற்பத்தையும் ஆள் உயரச் சிற்பத்தையும் கணினித் திரை ஒரே அளவாகக் காட்டிவிடும். அதனால் உயரத்தை எழுதியதோடு நிற்காமல், மேசை மேல் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். 41 செ.மீ. என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. கையில் எடுத்து நெருக்கத்தில் பார்ப்பதற்கான அளவு அது.

படி 2: குழந்தையிலிருந்து தொடங்குங்கள்

நம் கண் இயல்பாகத் தாயின் முகத்துக்குப் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தாயின் மூக்கின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, குழந்தை அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ஓவெர்ன் மாதாவில் கோடு தாயின் மூக்கு, குழந்தையின் மூக்கு, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே என்று நேராக இறங்கிவிடும். தாயின் தோள்கள் நாற்காலியின் முதுகைப் போலவும், கைகள் நாற்காலியின் கைகளைப் போலவும், மடி இருக்கையாகவும் தெரிகின்றன. இது தற்செயல் இல்லை. இந்த வடிவத்துக்கு லத்தீனில் 'செதேஸ் சபியென்சியே' என்று பெயர், அதாவது ஞானத்தின் அரியணை. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் மாதா மன்றாட்டுமாலை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய பெயரே இல்லை. "ஞானத்துக்கு இருப்பிடமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்கிறோமே, அதே வரிதான். அந்த வரியை மரத்தில் செதுக்கினால் ஓவெர்ன் மாதா வரும்.

இப்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அது குழந்தை முகமே இல்லை. சிறிய உடலில் வளர்ந்த ஆணின் முகம். சிற்பிக்குக் குழந்தையைச் செதுக்கத் தெரியாமல் போகவில்லை. அரியணையில் இருப்பது காலத்துக்கு முந்தைய இறைஞானம். அதற்குக் குண்டுக் கன்னம் எதற்கு? இந்த வகைச் சிற்பங்களில் பிள்ளையின் வலக்கை ஆசீர்வதிக்கும், இடக்கை நூலைப் பிடித்திருக்கும். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தின் மேற்கு வாசலில், வலப்பக்க நுழைவின் மேலுள்ள அரைவட்டக் கல்லில் இதே அமைப்பைக் காணலாம். 1145-55 வாக்கில் செதுக்கியது. அரியணை மாதாவைச் சுற்றிய வளைவுகளில் இலக்கணம், தர்க்கம், இசை முதலான ஏழு கலைகளும் பெண் உருவங்களாக இருக்கின்றன. அவர்களோடு அரிஸ்டாட்டில், பித்தாகரஸ் போன்ற பழங்கால அறிஞர்களும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கணத்தின் கையில் பிரம்பு, காலடியில் பிள்ளைகள். உலகத்து அறிவெல்லாம் சூழ்ந்திருக்க, நடுவில் ஞானம் தாயின் மடியில் அமர்ந்திருக்கிறது.

அடுத்து, "கற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஜெர்மனியின் எஸ்ஸன் பேராலயத்துப் பொன் மாதாவைக் கொண்டு வாருங்கள். காலம் 980 வாக்கில். எஸ்ஸன் மடத்துத் தலைவியாக இருந்த மத்தில்டே காலத்தியது; அவர் பேரரசர் முதலாம் ஓட்டோவின் பேத்தி. நாலாபுறமும் சுற்றிப் பார்க்கும்படி செய்யப்பட்ட மாதா சிற்பங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. ஓவெர்ன் மாதாவுக்கு 200 ஆண்டு மூத்தவள். ஆனால் இவள் மடியில் குழந்தை நேராக அமரவில்லை. குறுக்காக, பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறது. தாயின் வலக்கை ஒரு பொன் கனியை விரல் நுனிகளால் முன்னே நீட்டுகிறது. மூக்குக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்று போல் இல்லை.

ஆக, பழையது விறைப்பு, புதியது நெகிழ்வு என்ற ஏணி இங்கேயே உடைந்துவிடுகிறது. 980இல் முடிந்தது 1180இல் முடியாமல் போகவில்லை. ஓவெர்ன் சிற்பி நேர்கோட்டைத் தேர்ந்தெடுத்தான். ஒப்பீட்டில் நாம் தேடவேண்டியது அந்தத் தேர்வைத்தான்.

படி 3: யார் யாரைப் பார்க்கிறார்கள்?

தாளில் இரண்டு அம்புக்குறி போடுங்கள். ஒன்று தாயின் பார்வை, மற்றொன்று பிள்ளையின் பார்வை. ஓவெர்னில் இரண்டு அம்பும் இணையாக உங்களை நோக்கி வரும். அவர்களுக்குள் உரையாடல் இல்லை; உரையாடல் உங்களோடுதான். லூவரின் யானைத் தந்த மாதாவில் தாயின் அம்பு பிள்ளையின் பக்கம் திரும்பிவிடும். இத்தாலியின் பாதுவா நகரில் ஸ்க்ரோவெஞ்சி சிற்றாலயத்துப் பீடத்தின் மேல் ஜியோவன்னி பிசானோ செதுக்கிய பளிங்கு மாதா இருக்கிறாள். 1305ஐ ஒட்டிய காலம். அங்கே இரண்டு அம்பும் ஒன்றையொன்று முட்டும். தாயும் மகனும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கிற நாம் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறோம்.

இது சிறிய மாற்றம் போலத் தெரியும், ஆனால் பக்தரின் இடமே மாறிவிட்டது. முதலாவதின் முன்னே நீங்கள் அரசவையில் நிற்கும் குடிமகன். கடைசியானதின் முன்னே, ஒரு வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் விருந்தாளி.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் வழிபாட்டின் போக்கும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து இயேசுவின் மனிதத் தன்மையை, அவர் பட்ட பசி, குளிர், வலியை நெஞ்சில் நிறுத்தித் தியானிக்கும் பழக்கம் மேற்கு ஐரோப்பாவில் வலுத்தது. 1223இல் அசிசியின் பிரான்சிஸ் கிரெச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த கிறிஸ்துமஸ் குடில் அந்த உணர்வின் அடையாளம். ஆனாலும் இதைக் கோடு போட்ட மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ஜியத்தின் லீஎஜ் நகரில் 'தோம் ரூபேர் மாதா' என்ற கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுதான், ஆனால் அங்கே மாதா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். சுற்றிலும் விவிலியத்தின் எசேக்கியேல் நூலில் வரும் "இந்த வாசல் பூட்டப்பட்டிருக்கும்" என்ற வசனம் லத்தீனில். பூட்டிய வாசல் மரியாளின் கன்னிமைக்கு உருவகம். மிக நெருக்கமான தாய்மையும் மிக ஆழ்ந்த இறையியலும் ஒரே கல்லில். அரியணை மாதாக்களின் காலத்திலேயே இதுவும் உண்டு.

படி 4: விரல்களுக்குக் கீழே என்ன நடக்கிறது?

படத்தை முடிந்த அளவு பெரிதாக்கித் தாயின் விரல்களை மட்டும் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த படி இதுதான்.

ஓவெர்ன் மாதாவின் விரல்கள் நீண்டவை, அளவுக்கு மீறிப் பெரியவை. இரண்டு பக்கமும் குழந்தையைத் தாங்குகின்றன, ஆனால் அழுத்தவில்லை. காப்பது போல இருக்கிறது, கொஞ்சுவது போல இல்லை. இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள க்ரும்லோவ் மாதாவுக்கு வாருங்கள். போஹீமியாவைச் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சேர்ந்த சுண்ணாம்புக்கல் சிற்பம், 112 செ.மீ., 1400ஐ ஒட்டியது. 'அழகிய மாதாக்கள்' என்று ஜெர்மன் அறிஞர்கள் பெயரிட்ட வகையில் தலைசிறந்தது. துணியில்லாத கொழுகொழு குழந்தையைத் தாங்கியிருக்கும் அவள் விரல்கள் அதன் சதையில் அமுங்குகின்றன. விரல் பட்ட இடத்தில் குழி. குழியைச் சுற்றிச் சதை மெல்லப் புடைத்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிய எவருக்கும் அந்த மெத்தென்ற எடை கையில் நினைவுக்கு வந்துவிடும். கல் என்பதே மறந்துபோகிறது.

அடுத்து, கைகளில் இருக்கும் பொருள்கள். தாயின் கையில் ஆப்பிள் என்றால் ஏவாள் இழந்ததை மரியாள் மீட்கிறாள் என்று பொருள். பிள்ளையின் கையில் நூல் என்றால் அவரே இறைவார்த்தை. பறவை என்றால் பெரும்பாலும் வரப்போகும் பாடுகளின், அதாவது இயேசுவின் சிலுவைத் துன்பங்களின், குறிப்பு. லீலி மலர் தூய்மை. பிரான்சில் அது அரச சின்னமும் ஆகும். லூவரில் உள்ள, பொன்முலாம் பூசிய வெள்ளி மாதாவிடம் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகச் சேருகின்றன. அரசர் நான்காம் சார்லஸின் விதவை ஜான் தெவ்ரே 1339இல் செயின்ட் தெனி மடத்துக்குக் கொடுத்த சிற்பம் அது. மாதா கையில் படிகமும் பொன்னுமான அரச லீலி. அதற்குள்ளே மாதாவின் திருப்பண்டங்கள், அதாவது அவளுடையவை என்று புனிதமாகப் போற்றிக் காத்த பொருள்கள். மறு கையில் பிள்ளை. அந்தப் பிள்ளை சிறு கையை நீட்டித் தாயின் உதட்டைத் தொடுகிறது. அரச சின்னத்தைப் பார்த்த கண்ணோடு அந்தச் சின்ன விரலையும் பார்க்கத் தவறாதீர்கள்.

கை உடைந்திருந்தால் ஊகித்து நிரப்ப வேண்டாம். முன்னே நீட்டிய கைகள்தான் மரச் சிற்பங்களில் முதலில் உடைபவை. "உடைந்திருக்கிறது" என்று எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

படி 5: பொருள் என்ன சொல்கிறது?

ஒரே கருத்தை மரத்திலும் தந்தத்திலும் வெள்ளியிலும் செய்யும்போது பொருள் தன் நிபந்தனைகளை விதிக்கும்.

எஸ்ஸன் மாதா பொன் சிலை போலத் தெரிந்தாலும் உள்ளே மரம்தான். பாப்லர் மரத்தில் 74 செ.மீ. உயரத்துக்கு உருவம் செதுக்கி, கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய பொன் தகடுகளைப் போர்த்திச் சிறு ஆணிகளால் பொருத்தியிருக்கிறார்கள். கண்கள் எனாமல். பொன் மெருகில் ஆழமான மடிப்புகளுக்கு இடமில்லை, தகடு கிழிந்துவிடும். அதனால்தான் அவள் உடை வழுவழுப்பாக, ஒளி வழுக்கி ஓடும்படி இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அசைவது மாதிரித் தோன்றவேண்டும் என்பது நோக்கம். உள்ளேயிருந்த மரத்தைப் பிற்காலத்தில் புழு அரித்துச் சுரங்கம் சுரங்கமாக ஆக்கிவிட்டது. உருவத்தைக் காப்பாற்ற 20ஆம் நூற்றாண்டில் மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது.

ஓவெர்ன் மாதாவில் மரத்தின் மேல் துணி, அதன் மேல் ஈய வெண்மைப் பூச்சு, புடைப்பு அலங்காரமாக வெள்ளீயம், பிறகு வண்ணம். அதாவது நாம் இன்று பழுப்பு மரமாகப் பார்ப்பதை 1200இல் யாரும் பழுப்பாகப் பார்க்கவில்லை. அதே மலைநாட்டில் ஒர்சிவால் ஆலயத்து மாதாவுக்கு வால்நட் மரத்தின் மேல் வெள்ளியும் பொன்முலாமும் போர்த்தியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரே காலம், ஒரே வடிவம். ஒன்று வண்ணம், மற்றொன்று உலோகம். படி 1இல் சொன்ன 'நெருங்கிய ஜோடி'க்கு இதுவும் நல்ல எடுத்துக்காட்டு.

தந்தம் வேறு உலகம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிரிக்க யானைத் தந்தம் பாரிஸுக்குப் பெரிய அளவில் வரத் தொடங்கியது. தந்தம் இயல்பிலேயே வளைந்தது. அடிப்பகுதி உள்ளே குழிவானது. நிற்கும் மாதாவை அதில் செதுக்கும்போது உடலை வளைவோடு ஒத்துப்போக வைக்க வேண்டியிருக்கும். ஒரு பக்க இடுப்பை வெளியே தள்ளி, பிள்ளையை அந்த இடுப்பின் மேல் ஏற்றி நிற்கும் பாங்கு அக்காலத்தில் பரவியது. நம் சிற்ப நூல்கள் திரிபங்கம் என்று சொல்லும் நிலையை அது நினைவூட்டும், உறவு எதுவும் இல்லையென்றாலும். தந்தத்தின் வளைவே இந்தப் பாங்கைப் பிறப்பித்தது என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அதை அப்படியே ஏற்காதீர்கள். பிரான்சின் அமியான் பேராலயத்தின் தெற்கு வாசலில் நின்ற 'பொன் மாதா' 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கற்சிற்பம். கல்லுக்கு வளையவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, ஆனாலும் அவளும் இடுப்பை ஒசித்து, புன்னகைத்து நிற்கிறாள். பாணியும் பொருளும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன என்று சொல்வதே பொருத்தம். லூவரின் மாதாவோ மிக மெல்லத்தான் வளைகிறாள்.

தந்தத்தின் வெண்மைக்கும் பொருள் உண்டு. அதே மன்றாட்டுமாலையில் "தந்த மயமான உப்பரிகையே" என்றொரு வரி வருகிறது. விவிலியத்தின் உன்னதப்பாட்டு நூலில் தலைவியின் கழுத்தைத் தந்தக் கோபுரத்துக்கு ஒப்பிட்ட வரியிலிருந்து வந்தது. அந்த உவமையை ஒரு பாரிஸ் சிற்பி கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு லூவர் மாதாவின் கழுத்தைப் பாருங்கள்.

படி 6: மடிப்புகளை வரையுங்கள்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, செய்துதான் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள உடை மடிப்புகளை மட்டும் கோடுகளாக வரையுங்கள். ஓவெர்னில் அவை மெல்லிய, நெருக்கமான, இணையான கோடுகள். நெல் நாற்று வரிசை போல. லூவர் மாதாவில் கோடுகள் குறைந்து, அகன்ற, கூர்விளிம்புள்ள மடிப்புகளாகும். துணிக்குக் கனம் வந்துவிடும். க்ரும்லோவில் கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற வளைவுகள் வயிற்றுக்குக் கீழே தொங்கும். ஓரங்களில் துணி குழாய் குழாயாக வழியும். மூன்று தாளையும் வரிசையாக வைத்தால், பிறகு பெயர் தெரியாத ஒரு சிற்பத்தின் படம் கிடைக்கும்போது அது எந்தப் பக்கம் சேரும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஓரளவுதான். ஊர்ப்புறச் சிற்பிகள் பழைய பாணியில் நெடுங்காலம் வேலை செய்தார்கள். மடிப்பை மட்டும் நம்பிக் காலம் குறிக்காதீர்கள்.

படி 7: முதுகுப் பக்கம் போங்கள்

அருங்காட்சியகத்தில் பலரும் முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பின்பக்கப் படம் கிடைத்தால் விடாதீர்கள்.

பின்பக்கமும் முழுதாகச் செதுக்கப்பட்டிருந்தால் சிற்பம் பவனியில் தூக்கிச் செல்லப்பட்டிருக்கலாம், அல்லது சுற்றி வந்து பார்க்கும் இடத்தில் இருந்திருக்கலாம். பின்பக்கம் தட்டையாக இருந்தால் சுவரையோ மாடத்தையோ ஒட்டி நின்றது. குடைந்திருந்தால், மரம் காயும்போது வெடிக்காமல் இருக்க நடுத்தண்டை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பிற்கால ஜெர்மன் லிண்டன் மரச் சிற்பங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

ஓவெர்ன் மாதாவில் வேறொரு குழி இருக்கிறது. உடலுக்குள், தோளுக்குப் பின்புறம் சிறிய அறை. புனிதர்களின் எலும்பு, துணி போன்ற திருப்பண்டங்களை வைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்த மலைநாட்டுக்கு இந்த மரபு பழையது. 10ஆம் நூற்றாண்டிலேயே கிளெர்மோன் பேராலயத்துக்குத் திருப்பண்டங்களோடு பொன் மாதா ஒருத்தியைச் செய்தார்கள். அவள் இப்போது இல்லை. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளை நினைவுகூரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஆலயத்துக்குள் நடந்த நாடகத்தில், ஞானிகளாக நடித்தவர்கள் வந்து வணங்கியது இப்படிப்பட்ட மரச் சிற்பங்களைத்தான் என்றும் ஓர் ஆய்வுக் கருத்து உண்டு. இந்தப் பயன்பாடுகளை மனதில் வைத்துக்கொண்டு அந்த "விறைப்பை" மறுபடி பாருங்கள். தோளில் சுமந்து வரும்போது தூரத்திலிருந்து தெரியவேண்டும், நடுவில் அசையாமல் நிற்கவேண்டும், உள்ளே புனிதம் இருக்கிறது என்று உணர்த்தவேண்டும். புன்னகைக்கு அங்கே வேலை இல்லை.

சிலைக்கு முன் மண்டியிடுவது சரியா என்ற கேள்வி அந்தக் காலத்து மக்களிடமும் இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஞ்செர் நகரத்துக் கல்விமான் பெர்னார் தெற்கே பயணம் வந்தபோது, புனிதர்களைப் பொன் சிலைகளாக வைத்து வணங்குவதைக் கண்டு அதிர்ந்தார். பழைய ரோமானியத் தெய்வங்களான ஜூப்பிட்டர், மார்ஸ் சிலைகளை வணங்குவது போலல்லவா இருக்கிறது என்று எழுதினார். கோன்க் மடத்துப் புனித ஃபோய் சிலையைப் பற்றிய அற்புதங்களைக் கேட்ட பிறகு மனம் மாறி, அந்த அற்புதங்களையே தொகுத்து எழுதினார். அரியணை மாதாக்கள் இப்படிப்பட்ட தயக்கமும் பற்றும் கலந்த காற்றில் பிறந்தவர்கள்.

பயன்பாடு வடிவத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இன்னொன்று. மெட்ரோபாலிட்டனில் 1300 வாக்கில் ரைன் பகுதியில் செய்த 36.8 செ.மீ. ஓக் மர மாதா இருக்கிறாள். மூடியிருக்கும்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். நடுவில் பிரித்துக் கதவு போலத் திறந்தால் உள்ளே தந்தையாம் கடவுள் அமர்ந்திருக்கிறார். இரு பக்கக் கதவுகளிலும் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் வண்ணத்தில். இந்த வகைச் சிற்பங்கள் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளே மரியாளிடம் பிறந்தது போலப் பொருள்படுகின்றன என்று பாரிஸின் இறையியலாளர் ஜான் ஜெர்சோன் கண்டித்தார். அந்தச் சிறிய சிற்பத்தை மூடிய நிலையில் மட்டும் படம் பார்த்து ஒப்பிட்டிருந்தால் பாதியைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

படி 8: காலம் எடுத்துக்கொண்டதும் சேர்த்ததும்

இன்று இல்லாதவற்றைத் தனியாக எழுதுங்கள். ஓதன் மாதாவின் குழந்தைக்குத் தலை இல்லை. ஜான் தெவ்ரேயின் மாதாவுக்கு ஒரு காலத்தில் இருந்த கிரீடம் இல்லை. அமியானின் பொன் மாதாவுக்குப் பெயரில் மட்டும்தான் பொன் இருக்கிறது. மூலச் சிற்பத்தைப் பாதுகாப்புக்காகப் பேராலயத்தின் உள்ளே வைத்துவிட்டு வாசலில் நகலை நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள மோன்செராத் மாதா 12ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்தவள். அவள் முகம் இன்று கறுப்பு. பழைய பூச்சு காலப்போக்கில் கறுத்ததே காரணம் என்று சொல்லப்படுகிறது. மக்களுக்கோ அவள் 'கறுப்பழகி'. அந்தக் கருமையையே நேசிக்கிறார்கள். ஒப்பிடும்போது இரண்டையும் எழுதவேண்டும்: செய்தபோது எப்படி இருந்தது, வணங்கியவர்கள் அதை என்னவாக ஏற்றுக்கொண்டார்கள்.

படி 9: எழுதிப் பாருங்கள்

குறிப்புகளைப் பட்டியலாக விட்டுவிடாமல் ஒரு பத்தியாக்குங்கள். "அழகு", "உயிரோட்டம்", "விறைப்பு", "முன்னேற்றம்" என்ற நான்கு சொற்களையும் பயன்படுத்தக்கூடாது என்று உங்களுக்கே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் எழுத முயலும்போதுதான் கண்ணால் பார்த்தது வெளியே வரும். தொடக்கத்தில் சொன்ன ஜோடியை வைத்து நான் எழுதியது இது:

"ஓவெர்ன் மாதாவில் தாயின் உடல் இருக்கையாகிறது. தாய், மகன் இருவரின் முகமும் ஒரே கோட்டில் விழுந்து, இரு பார்வையும் முன்னால் நிற்பவரிடம் வந்து சேர்கிறது. தாங்கும் கைகள் பெரியவை, ஆனால் அழுத்துவதில்லை. உள்ளே திருப்பண்ட அறை, மேலே துணியும் வண்ணமும். ஊர் முழுவதும் ஒன்றுகூடிப் பார்க்கும் சிற்பம் இது. எட்ட நின்றாலும் அதன் அமைப்பு கலையாது. செயின்ட் ஷப்பெல் மாதா அதில் பாதி உயரம். எழுந்து நிற்கிறாள்; பிள்ளை நடுக்கோட்டை விட்டு இடக்கைக்குப் போய்விட்டது. அவள் பார்வை நம்மை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்புகிறது. தந்தத்தில் ஆழமாக வெட்டிய அகன்ற மடிப்புகள் கண்ணுக்கு மிக அருகில் நிழல் காட்டுகின்றன. அரச ஆலயத்தின் கருவூலத்தில், மிகச் சிலரே மிக அருகில் சென்று பார்த்த சிற்பம் இது. முதலாவதில் ஞானம் நம் முன் அமர்ந்திருக்கிறது. இரண்டாவதில் அந்த ஞானம் ஒரு தாயின் கைக்குள் இருப்பதை நாம் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்."

இதே தாளில் மூன்றாவது பத்திக்கு இடம் விட்டு வையுங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) செதுக்கிய ஒரு யானைத் தந்த மாதா நிற்கிறாள். பைசாந்தியத் தந்தச் சிற்பங்களில் நாலாபுறமும் செதுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். பிள்ளையை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் அவனைச் சுட்டிக்காட்டுகிறாள். கிரேக்கர்கள் அந்த வடிவத்துக்கு 'ஹோடெகெட்ரியா' என்று பெயர் வைத்தார்கள், வழிகாட்டுபவள் என்று பொருள். லூவர் மாதாவுக்கு நூறு ஆண்டுக்கும் மேல் மூத்தவள், அவளைப் போலவே தந்தம், அவளைப் போலவே நிற்கிறாள். மூக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, சுட்டிக்காட்டும் அந்தக் கையிலிருந்து தொடங்குங்கள்.